டி.என்.ஏ.வுக்கு ஒரு தையற்காரர்

“அப்பா, கடைசியா வர்றவளுக்கு என்னப்பா வேலை இருக்கும்?”

குருவி ஒருநாள் கேட்டாள். மெஷினில் கண்ணை வைத்திருந்த தையற்காரர், “கதவைச் சாத்துற வேலை!” என்று சிரித்ததோடு சரி.

கூட்டத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் குருவிக்கு இப்போது முதன்முறையாக மேடை கிடைத்திருந்தது. பள்ளியில் டி.என்.ஏ. நகலாகும் நாடகம், பிள்ளைகளே நொதிகள். குருவி லைகேஸ். கடைசியாக வருவாள். அதற்கென்று அப்பாவின் ஊக்கு டப்பாவையும் கேட்டு வாங்கியிருந்தாள்.

ஓரம் பிரிந்திருந்த துணி டி.என்.ஏ.வைத் தைத்துத் தரச்சொல்லி டீச்சர் கொடுத்தனுப்பியிருந்தார். ஓரத்தைத் தைத்த அப்பா சும்மா இருக்காமல் நடுவிலிருந்த ஜிப்பை இழுத்துப் பார்த்தார். பாதியில் சிக்கிக்கொண்டது.

“முன்னாடி முறுக்கு ஏறுதே!”

“ஹெலிகேஸ் பிரிச்சா அப்படித்தான்பா ஏறும். டோபோஐசோமரேஸ் வந்து வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டிடும்.”

“வெட்டி ஒட்டறதா? நம்ம கடையில அந்தப் பேச்சே கூடாது.” முறுக்கு முழுவதையும் அவிழ்த்துவிட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “முறுக்கின ஏணியை வாங்கி, பாவாடை நாடா ஆக்கிட்டீங்களே!”

திரும்ப முறுக்கினார். “ஐயோ, எதிர்ப்பக்கம்பா!” என்றாள் குருவி. மறுபடி அவிழ்த்தார், தலையும் சேர்ந்து சுற்றியது.

“சரி, டீச்சர் கூடவே வச்சிருக்கிற இந்தப் புதுத்துணியில ஒண்ணு நீளமா இருக்கு. இன்னொண்ணு ஏன் துண்டு துண்டா?”

“அதுதான் நகல்பா. அதைச் செய்யிற பாலிமரேஸ் ஒரே திசையிலதான் போகும். அதான் இந்தப் பக்கம் துண்டு துண்டா வரும்.”

“ஒவ்வொண்ணுலயும் சிவப்பு ஒட்டு?”

“பிரைமேஸ் வைக்கிறது. அது இருந்தாத்தான் பாலிமரேஸ் தொடங்கும். அப்புறம் எடுத்துடுவாங்க.”

“எடுக்கப்போறதை எதுக்கு வைக்கணும்?”

குருவி ஒத்திகைக்கு ஓடினாள். ஒன்றும் புரியாவிட்டாலும், மகள் நாலு பேர் முன்னால் கிழிசலோடு நிற்கக்கூடாது என்பது அவருக்குப் புரிந்தது. சிவப்பு ஒட்டுகளைப் பிரித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். துண்டுகளை ஒரே துணியாக, தையல் இருப்பதே தெரியாமல் இணைத்தார். ஆண்டவனை நினைத்து முடிச்சும் போட்டார்.

மறுநாள் மேடைக்குப் பின்னால் துணியை விரித்துக் காட்டினார். குருவி ஊக்கு டப்பாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“ரொம்ப நல்லா இருக்குப்பா.”

பக்கத்தில் காகிதக் கிரீடத்தோடு நின்ற ஹெலிகேஸ் பெண் துணியைப் புரட்டினாள்.

“அங்கிள், துண்டுகளைச் சேர்க்கிறதுதானே லைகேஸ் வேலை? நீங்களே சேர்த்துட்டா, இவ எதுக்கு மேடைக்கு வரணும்?”

பிள்ளைகள் பிரார்த்தனைக்குப் போனார்கள். யாருமில்லாத திரைக்குப் பின்னால் சம்மணமிட்டு, தையற்காரர் தன் தையலைத் தானே பிரித்தார். சிவப்பு ஒட்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தார். மகள் கேட்ட கேள்விக்கு, அன்று பாக்கி வைத்த பதில் அது.