கரிப்பெட்டிக்குள் ஒரு குக்கர்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அப்படி எழுதலாமா, கூடாதா என்று யோசித்ததில் காப்பி ஆறிவிட்டது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, "மாப்ளே, இனிமே சும்மா உக்காந்து என் தங்கச்சி உசுரை வாங்காதீங்க" என்று சொல்லித் தாங்கள் ஒரு சின்ன நீராவி ரயிலைத் தண்டவாளம், குகை சகிதம் பரிசளித்தீர்கள். அதைச் சமையலறைக்கு அடுத்த அறையில் மேசை முழுக்க விரித்தேன். ரயில் நன்றாகத்தான் ஓடியது. உங்கள் தங்கைதான் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க இது, திருடன் மாதிரி சத்தமே இல்லாம போகுது?" என்றாள். எனக்கும் அது குறையாகவே பட்டது. கடையில் ஒலிச் சில்லும் சட்டைப் பொத்தான் அளவு ஸ்பீக்கரும் வாங்கி, இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரிப்பெட்டியின் உட்புறத்தை அரத்தால் ராவி இடம் பண்ணி, அடியில் ஊசித் துளைகள் போட்டு, ஸ்பீக்கரின் முதுகில் மாத்திரைக் குப்பியின் மூடியை ஒட்டினேன். முதுகு மூடாத ஸ்பீக்கருக்குக் குரல் எழும்பாது என்று படித்திருந்தேன். எல்லாம் சரி, கடைக்காரர் ஏற்றித் தந்த கூவல்தான் கொசு அழுவதுபோல் இருந்தது. நல்ல நீராவிச் சத்தத்துக்கு எங்கே போவேன் என்று தவித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் குக்கர் விசில் அடித்தது. மச்சான், அதைவிட அசல் நீராவி இந்த வீட்டில் ஏது? உங்கள் தங்கை மாடியில் துணி உலர்த்தும் நேரம் பார்த்து, செல்போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டேன். குகைக்குள் நுழையும்போதெல்லாம் ரயில் ஒரு விசில் அடிக்கும். முதல் தடவை கேட்டபோது என் கை தானாகப் பெட்டி படுக்கையைத் தேடியது.

அன்று பருப்பு கூழாங்கல்லாக வந்தது. "மூணு விசில் எண்ணித்தானே எறக்கினேன்!" என்றாள். அதில் இரண்டு என்னுடையவை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மளிகைக்காரரைத் திட்டத் தொடங்கிவிட்டாள். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவது மரியாதையில்லையே என்று இருந்துவிட்டேன். பருப்பு கடைக்கே திரும்பிப் போனது. புதுப் பருப்பும் வேகவில்லை என்றதும் குக்கர் ரிப்பேர்காரர் வந்தார். அவர் எதிரில் ரயிலை ஓட்டப் பயந்து நிறுத்தி வைத்தேன். குக்கர் குற்றமற்றது என்று நிரூபணமாயிற்று. அவர் பையைத் தூக்கிக்கொண்டே, "குக்கர் நல்லாத்தாம்மா இருக்கு. எண்ணுறவங்கதான் கொஞ்சம் கவனமா எண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம்! அவள் விரல் மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றே ரயிலை மூட்டை கட்டியிருக்கலாமே என்பீர்கள். கட்டினேன். அவளோ தன் எண்ணிக்கையில் நம்பிக்கை இழந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து விசில் விட ஆரம்பித்திருந்தாள். பருப்பு பசையாகிவிட்டது. "பாத்தீங்களா, மறுபடியும் தப்பு பண்ணிட்டேன்" என்று கண் கலங்கினாள். வேறு வழி தெரியாமல், ரயிலை மறுபடி பூட்டி, தினமும் இரண்டு விசிலை என் தரப்பிலிருந்து கொடுத்துக் கணக்கை நேர் செய்துவருகிறேன். பருப்பு பதமாக வருகிறது. எனக்குத்தான் நிம்மதியாகக் குளிக்க முடியவில்லை; அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டால் ஈரத்தலையோடு ஓடுகிறேன்.

இப்போது அவள் படியேறும்போது பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கிறாள். சனிக்கிழமை மூளை டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகப் போனில் யாரிடமோ சொன்னது நேற்று காதில் விழுந்தது. ஒரு தப்பும் செய்யாதவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒன்று, இரண்டு சொல்லிக் காட்டுவதா? நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பலமுறை சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து சனிக்கிழமைக்குள் போன் செய்து, உண்மையைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். தவிரவும், தாங்கள் கரண்டி எட்டாத தூரத்தில் இருக்கிறீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். குழந்தைகள் நீடூழி வாழ்ந்து, என்னைப் போல் இல்லாமல் தைரியசாலிகளாக வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை

பி.கு.: மேலே கேட்ட எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். உறைக்குப் பசை தடவும்போது குக்கர் விசில் கேட்டது; வழக்கம்போல் ரயிலிடம் ஓடினேன். உங்கள் தங்கை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், சுவிட்ச் அவள் கையில். "ரயில் நின்ன அன்னைக்குக் குக்கர் சரியாச்சு. கழிச்சுப் பாக்கத் தெரியாதா எனக்கு? அஞ்சு விசில் விட்டதே நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான்" என்றாள். அப்போது கண் கலங்கியது ஏன் என்று கேட்டேன். வெங்காயமாம். டாக்டர் எனக்காம், குக்கர் கூப்பிட்டால் ரயிலிடம் ஓடுகிறவனை வேறு எங்கே கூட்டிப்போவது என்கிறாள். போனில் அவள் பேசியது தங்களிடம்தானாம். தாங்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் காது வலித்ததாம். மச்சான், தாங்களுமா? இனிமேல் ரயில் அவளுடையது, பருப்பு என்னுடையது என்று தீர்ப்பாகிவிட்டது. இதை அடுப்படியில் நின்றுதான் எழுதுகிறேன். இதுவரை ஏழு விசில் கேட்டாயிற்று. இறக்கலாமா, வேண்டாமா என்று மறுதபாலில் தெரிவிக்கவும்.