சாம்பிள் பாட்டில்

நர்ஸ் ஜெபராணி ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்திருந்த கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொதித்தது. அதில் விழுந்திருந்தது ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணியின் சிறுநீர், சில சொட்டுகள். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் ஆரஞ்சில் போய் நின்றது. நிறம் சிவக்கச் சிவக்கச் சர்க்கரை அதிகம்; நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை.

"நேத்து எத்தனை முந்திரிக்கொத்து அண்ணாச்சி?"

"நானா? கர்த்தருக்குத் தெரியும் சிஸ்டர், வாயில வைக்கல!"

"கர்த்தருக்கும் தெரியும், இந்தக் குழாய்க்கும் தெரியும். கையக் காட்டுங்க."

இன்சுலின் ஊசி ஏறியபோது அண்ணாச்சி போட்ட சத்தத்தில், போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்த பஸ் டயர் வெடித்துவிட்டதென்று நின்றுவிட்டதாம்.

"இந்த ஊசி எப்பத்தான் நிக்கும்?"

"தொடர்ந்து ஒரு வாரம் நீலம் காட்டுங்க. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரைக்கு மாத்திரலாம்."

நீலம்தானே? அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. மூட்டை நிறையச் சொத்தை ஏலக்காயை வைத்துக்கொண்டு, சாம்பிள் பையில் மட்டும் பச்சைப் பசேலென்ற காயை நீட்டியே போடி பஜாரில் மாடி வீடு கட்டியவர் அவர். காய்க்கு ஒரு நியாயம், மூத்திரத்துக்கு ஒரு நியாயமா?

அன்று சரக்கு அடுக்கும் தன் கிட்டங்கிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது காய் பொறுக்கும் பெண்களின் வரிசை. அவர்கள் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. காயைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. மூலையில் ஒல்லியாக இருந்தவள் மறுபடி தண்ணீருக்கு எழுந்தாள்.

"ஏத்தா, காய் பொறுக்க வந்தியா, குடத்தக் காலி பண்ண வந்தியா? தண்ணிக்கு எந்திரிக்கே, இல்லாட்டி வெளிய ஓடுறே. நாளைலருந்து வராத!"

அவள் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கையோடு கோட்டைச்சாமியைக் கூப்பிட்டார். சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த எடைக்காரன். மூட்டையைத் தலையணைபோல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவன். இவன் உடம்பிலா சர்க்கரை இருக்கப் போகிறது?

"ஏலே கோட்ட, இந்தா பாட்டில். தினம் விடிய இதுல ஒண்ணுக்கு இருந்து, எங்க வீட்டுக் கொல்லைச் சுவத்துல வச்சிரு. எதுக்குன்னு கேக்காத."

"நர்ஸம்மா கொதிக்க வைக்காகளே, அதுக்கா மொதலாளி?"

"கேக்காதன்னேன்ல!"

மறுநாள் அந்தப் பாட்டிலை நீட்டிவிட்டு அண்ணாச்சி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். குழாய் கொதித்தது. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று எங்கேயும் நிற்காமல் ஓடி, செங்கல் நிறத்துக்கு வந்தது.

"ஆத்தாடி! கருப்பட்டி மூட்டைக்குள்ள குடியிருந்தீகளா?" ஜெபராணி மருந்தின் அளவைக் கூட்டினார்.

"பாவிப்பய, இனிப்பா தின்னு தீத்திருக்கான்!" என்று அண்ணாச்சி கிட்டங்கிக்கு ஓடினார். அன்றிலிருந்து கோட்டைச்சாமிக்குப் பரோட்டாவும் கிடையாது, சீனி போட்ட டீயும் கிடையாது. பாகற்காயும் கேப்பைக் கூழும் அண்ணாச்சி வீட்டிலிருந்தே வந்தன. ஊறவைத்த வெந்தயத்தைத் தன் கையாலேயே அவன் வாயில் போட்டார்.

"எனக்கு எதுக்கு மொதலாளி இம்புட்டுக் கவனிப்பு?"

"உன் ஒடம்பு இப்ப என் சரக்குலே. முழுங்கு!"

கோட்டைச்சாமி ஐயனார் கோயில் குதிரைபோல் மினுமினுத்தான். பாட்டில் மட்டும் செங்கல்லிலிருந்து இறங்கவில்லை. மருந்து மேலும் கூடியது. ஒருநாள் கிட்டங்கியில் வெளியூர் வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிக்கு வேர்த்தது, கை நடுங்கியது. அடிமாட்டு விலைக்குக் கேட்டவனிடம், "எடுத்துக்கய்யா, ஸ்தோத்திரம்!" என்றபடியே மூட்டைமேல் சாய்ந்தார். யாரோ வாயில் கருப்பட்டியைத் திணித்த பிறகுதான் உயிர் வந்தது.

அதன்பின் சட்டைப் பையில் எந்நேரமும் கருப்பட்டி. ஊசியைத் தாக்குப்பிடிக்க அதைத் தின்றே ஆகவேண்டியிருந்தது. ஆசை ஆசையாக ஒளித்துத் தின்ற இனிப்பு இப்போது கஷாயமாகக் கசந்தது. சொந்தப் பாட்டிலுக்கே திரும்பிவிடலாம் என்றால், தின்ற கருப்பட்டிக்கு அதுவும் செங்கல்தான் காட்டும். தப்பிக்க வழி தெரியவில்லை. ஒரு ஊசிக்குப் பயந்து என்ன காரியம் செய்துவிட்டோம் என்று படுக்கையில் புரண்டார்.

அடுத்த தடவை ஜெபராணியின் முன்னாலேயே மயங்கி விழுந்தார். சீனித் தண்ணீர் குடித்து எழுந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஊரையெல்லாம் சாம்பிளால ஏமாத்தின கை சிஸ்டர். உங்ககிட்டயும் காட்டிட்டேன்."

ஜெபராணி திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தார்.

"எவனுக்கோ உள்ள மருந்தையா உங்களுக்குப் போட்டேன்? செத்திருப்பீக அண்ணாச்சி." ஜெபராணி ஊசியைத் தள்ளி வைத்தார். "சரி, உங்கள விடுங்க. அந்தப் பாட்டில்காரன் எங்கன? அம்புட்டுச் சர்க்கரைக்கு மருந்தில்லாம எந்நேரம் வேணாலும் மயங்கி விழுவான். உடனே வரச் சொல்லுங்க!"

கோட்டைச்சாமி தோளில் மூட்டையோடு வந்து நின்றான்.

"ஒடம்பு மெலியுதா? ஓயாம தாகமெடுக்குதா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறியா?"

"எனக்கென்ன சிஸ்டர், கல்லு கணக்கா இருக்கேன்."

கையோடு புதிதாகப் பிடித்து வரச் சொல்லிக் காய்ச்சினார். குழாய் கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. நீலம் நீலமாகவே நின்றது. இத்தனை நாள் அண்ணாச்சி ஏங்கிய அதே நீலம். அவர் கோட்டைச்சாமி பக்கம் திரும்பினார்.

"ஏலே, அப்ப இத்தனை நாளா நீ வச்சது யாருது?"

கோட்டைச்சாமி மூட்டையை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ராத்திரி கொஞ்சம் சாராயம் குடிப்பேன் மொதலாளி. கொதிக்க வச்சா வாடையடிச்சு என் வேலையும் போயிரும்னு, வீட்டுல என் பொண்டாட்டியோடதக் கொண்டாந்து வச்சேன்... அதான் மொதலாளி, ஓயாம தண்ணி குடிக்கான்னு கிட்டங்கிய விட்டு வெரட்டுனீகளே, அந்தச் சுப்புத்தாயி."