இடது பக்கம் திரும்பாத ஜீப்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் என் புது முழங்காலும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். படித்து முடித்த பிறகு எப்படி இருப்பாயோ, அது என் கையில் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் மாமா எந்த அறையில் இருந்தாலும் அவர் காது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் நாற்றுப் பண்ணைக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஜீப்பை, "நாலு சக்கரமும் இழுக்கும் மாமா, எடுத்துக்கங்க" என்று ஆறு மாதத்துக்கு முன் தூக்கிக் கொடுத்தாயே, அதை வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போ. டிராக்டரில் கட்டி இழுத்துப் போனாலும் சரி, கோழிகளை அனுப்பி ஓட்டிப் போகச் சொன்னாலும் சரி.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதரிடம் ஒரு வண்டியைக் கொடுக்கலாமா நீ? வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அவருக்குப் பரிசோதனைப் படிவம் வேண்டும். ஜீப் வந்த அன்றே சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம் விரித்துவிட்டார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். முதலில் டயர் என்றார். வந்தது, ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். மழை பெய்கிறதென்று நான்கையும் படுக்கையறையில் அடுக்கினார், நான் பத்து நாள் ரப்பர் வாசனையில் தூங்கினேன். மாட்டினால், இடது பக்க ஸ்பிரிங் தொய்ந்திருந்ததால் அந்தப் பக்கம் திருப்பும்போதெல்லாம் டயர் தகரத்தில் உரசி ஊரையே கூட்டியது. அதற்காக இவர் ஓட்டாமல் இருந்தாரா? ஒரு வாரம் வலது பக்கம் மட்டும் திரும்பினார். தபால் நிலையம் எங்கள் தெருமுனையில் இடது பக்கம். மூன்று முறை வலது பக்கம் திரும்பி, நாலு தெரு சுற்றி, தபால்தலை வாங்கி வந்தார்.

உரசாமல் இருக்க வண்டியை நாலு அங்குலம் தூக்கவேண்டும் என்றார் மெக்கானிக். கிரீஸ் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரும் எங்கள் கொட்டகைக்குள்ளேயே வைத்து ஸ்பிரிங்கை மாற்றித் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, வண்டி வாசலை விட இரண்டு அங்குலம் உயரம். வாழ்நாள் முழுக்கக் கதவு உயரம் அளந்து கையெழுத்துப் போட்டவர்! நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார்கள். பிறகு சுமைப் பரிசோதனை. ஏறுகிற ஆளின் எடைக்கு மேல் கால்வாசி கூட்டிப் பார்க்கவேண்டுமாம், லிஃப்டுக்கு அதுதான் முறையாம். "அம்மா எவ்ளோ வெயிட் சார்?" என்று கிரீஸ் கேட்டது சமையலறை வரை கேட்டது. இவர் சொன்ன பதில் அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். அத்தனைக்கும் மணல் மூட்டை கட்டி, முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, பத்து நாள் ஊர்வலம். எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரர் யாரையோ கூட்டிட்டுப் போறாரே" என்று மெதுவாக விசாரித்தாள். மூட்டை என்றேன். அவள் நம்பவில்லை.

அடுத்தது வின்ச். வண்டி சேற்றில் மாட்டினால் தன்னைத் தானே இரும்புக் கயிறு போட்டு இழுத்துக்கொள்ளுமாம். அது வந்தால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். அவரும் வண்டி வேலைக்கென்று வைத்திருந்த நோட்டிலிருந்து வின்ச் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

போன வாரம் வேலை முடிந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். நான் காலைத் தூக்கினேன். புது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. அவர் வண்டியின் உயரத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். அந்த முகத்தை நீ பார்க்காததே நல்லது தம்பி.

அன்று மாலை அவருடைய நோட்டைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் அதே படிவம். ஏறும் ஆட்கள்: ஒருவர். ஆளின் நிலை: முழங்கால் புதியது. சேருமிடம்: மேட்டுக் குடியிருப்பு. இருபத்திரண்டு வருஷம், புதன்கிழமை தவறாமல், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நடந்து ஏறிய மேடு அது. ஒரு பயல் கடித்த தழும்பு இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது. முழங்கால் போனதும் அங்கேதான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, "இனி அந்த மேட்டை நான் எங்க பாக்கப்போறேன்" என்று உளறினேனாம். எனக்கு நினைவில்லை. அவர் அடுத்த வாரமே உன் வீட்டுக்கு வந்து ஜீப்பைக் கேட்டிருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், எடுத்துக்கொண்டு போய்விடு. இந்த வயதில் மறுபடியும் நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார், இடுப்பு போய்விடும். இன்னொன்றும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன். இவ்வளவு பாடுபட்டு ஏறிப்போய், அங்கே ஒருத்தருக்கும் என்னைத் தெரியவில்லை என்றால் அவர் தாங்கமாட்டார். நானும் தாங்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். பெரியவளைக் கண்ணாடி போடச் சொல். நீ நூறு வயது இரு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறக்காமல் இரு.

உன் அக்கா

பி.கு. இதைத் திங்கட்கிழமை எழுதி, தபாலில் போட மறந்து, கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று புதன். விடிந்ததும் வாசலுக்கு வரச் சொன்னார். ஜீப் கதவோரம் ஒரு சின்ன இரும்புப் பலகை, பக்கத்தில் கையால் சுற்றும் பிடி. ஏறி நின்றேன், சுற்றினார், சீட்டுக்கு நேராகப் போய் நின்றேன். பலகையில் சிவப்புப் பெயின்டில் "ஒருவர் மட்டும்" என்று எழுதியிருந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உடனே மேட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

இப்போது மூன்றாவது வளைவில், சாலையோரச் சேற்றில், அச்சு வரை இறங்கி உட்கார்ந்திருக்கிறோம். வின்ச் இருந்திருந்தால் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மேலேயிருந்து சுமையோடு ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி என்னையே பார்த்தான், பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தான். "சிஸ்டர், நான்தான் கடிச்சேன்" என்றான். மேலே எல்லோரும் என்னை விசாரிப்பார்களாம். சுமையோடு மேலே திரும்ப முடியாது, வேண்டுமானால் கீழே இழுத்து விடுவதாகச் சொன்னான். உன் மாமா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். இங்கே போன் எடுக்கவில்லை, உன் பண்ணை வழியாகத்தான் போகிறானாம், இந்தக் கடிதத்தை அவனிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

ஞாயிறு வரை காத்திருக்காதே, இன்றே டிராக்டரோடு வா. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கீழே இழுக்காதே தம்பி, மேலே இழு.