எட்டாமிடத்துச் செவ்வாயை என் மகள் இறக்கிவிட்டது

நாகல் நகர், திண்டுக்கல்
12-9-88

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி உயர்திரு வீரப்பன் அவர்கள் சமூகத்துக்கு, வத்தலக்குண்டு வண்டி கண்டக்டர் முத்துக்கிருஷ்ணன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி செல்லக்கிளியும் மகள் சூர்யகலாவும் சுகம். தங்கள் வீட்டிலும் மண்டியிலும் குறையொன்றும் வராமல் பழனியாண்டவர் பார்த்துக்கொள்வாராக.

நிற்க. போன மாதம் தங்கள் மகன் தண்டபாணிக்கு எங்கள் சூர்யகலாவைப் பேசி, பூ வைக்கிற நேரத்தில், "ஏனுங்க, பொண்ணுக்குச் செவ்வாய் எட்டுல இருக்குதுங்களே, கம்ப்யூட்டரே சொல்லுதுங்க" என்று தாங்கள் தட்டைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அந்த ஜாதகம் என் மகள் வேலை பார்க்கும் கிறிஸ்துராஜ் கம்ப்யூட்டர் சென்டரிலேயே எடுத்தது. அன்றிலிருந்து செல்லக்கிளிக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கு டிக்கெட் கிழிக்கக் கை ஓடவில்லை.

ஆனால் என் மகள் அழவில்லை ஐயா. அதே மிஷினில் தன் அம்மா ஜாதகத்தைப் போட்டாள்: செவ்வாய் எட்டில். என்னுடையது: எட்டில். முதலாளி கிறிஸ்துராஜ் சிலுவை போட்டுக்கொண்டே தன் பிறந்த நேரத்தைச் சொன்னார். அவருக்கும் எட்டில்! "ஏத்தா, செவ்வாய் அந்த ஒரு சீட்டத்தான் ரிசர்வ் பண்ணி வச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் ஜாதகப் புரோகிராமைத் தோண்டிப் பார்த்து விளக்கினாள். கம்பைலர் என்று ஒன்று, நாம் எழுதுவதை மிஷின் பாஷையாக்குமாம். அதனோடு வரும் கணக்கு ஹெட்டர், பஸ் நெற்றியில் மாட்டுகிற போர்டு மாதிரியாம். "கிரகம் எங்க நிக்குதுன்னு பாக்க சைன்னு ஒரு கோணக் கணக்கு வேணும்ப்பா. அது தசமமா வரும்னு ஹெட்டர்ல ஒரு வரி இருக்கணும். அதக் காணோம். கம்பைலரு முழு எண்ணுன்னு நெனச்சுக்கிருச்சு, வந்த விடை அம்புட்டும் குப்பை, அதான் யாரப் போட்டாலும் எட்டு" என்றாள். கம்பெனிக்கு எழுதிக் கேட்போம் என்றார் கிறிஸ்துராஜ். இவ கேக்கணுமே! அந்த வரிய இவளே அடிச்சுச் சேத்துப்புட்டா. கிரகமெல்லாம் அததுக்கான சீட்டுல போய் உக்காந்துருச்சு, என் மகளுக்குச் செவ்வாய் மூணாமிடம், சுத்த ஜாதகம்! நான் பெத்த மகய்யா இவ! வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்தி வச்சு எல்லாருக்கும் சொன்னேன், கை தட்டுனாங்க. ஒரு அம்மா மட்டும், "அது கெடக்கட்டும்யா, வண்டிய எப்ப எடுப்பீக?"ன்னுச்சு.

ஆகவே திருத்திய ஜாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தட்டை மறுபடி தூக்கிக்கொண்டு தாராளமாக வரலாம். தம்பி தண்டபாணி நூறாண்டு வாழ ஆசீர்வாதம், தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இங்ஙனம்,
சூர்யகலாவின் தகப்பன்
முத்துக்கிருஷ்ணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சூர்யகலா பிடுங்கிப் படித்துவிட்டாள். திருத்திய மிஷினில் தங்கள் மகன் ஜாதகத்தையும் போட்டிருக்கிறாள். எட்டில் செவ்வாய் அவருக்குத்தான். "அப்ப நாமதான் வேணாம்னு சொல்லணுமா ஆத்தா?" என்றேன். "செவ்வாய் எங்கயோ இருந்துட்டுப் போகட்டும்ப்பா. ஒரு வார்த்த கேக்காம தட்டத் திருப்புனாங்கள்ல, அந்த வீட்டுக்கு நான் போகல. ஹெட்டரத் திருத்துனது கணக்குக்கு, கல்யாணத்துக்கு இல்ல" என்றாள். எனவே தாங்கள் வர வேண்டாம். பிறகு ஏன் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் தபாலில் போடுகிறேன் என்றால், என் மகள் செய்த காரியம் தங்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா.