விடை சொல்லும் ஊசல்

செருப்புக் கடை மாடியில் விடைகள் துடிக்கின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. கல்லூரி நுழைவுத் தேர்வின் மொழித்திறன் பகுதி என்றாலே பிள்ளைகளுக்குப் பயம். பத்தியைப் படிக்க வேண்டும், கருத்தைப் பிடிக்க வேண்டும், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இனி அந்தத் தொல்லை எதற்கு? அதுதான் ஊசல் சார் வந்துவிட்டாரே. நூலில் தொங்கும் பித்தளைக் குண்டை அவர் விடைகளின் மேல் நகர்த்துவார்; சரியான விடை வந்ததும் அது ஆடும். சரியான விடைக்கு உயிர்த்துடிப்பு உண்டாம். அந்தத் துடிப்பு கல்லையும் துளைக்குமாம்.

தேர்வறைக்குள் குண்டை விடமாட்டார்களே என்று கவலைப்பட்டவர்களுக்கு, 'உள் ஊசல்' பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டால் உடம்பே ஆடிக் காட்டிக்கொடுக்கும். ஆக, கூடம் நிறையப் பிள்ளைகள், கப்பல் ஏறாமலே கடல் மயக்கம் வந்தவர்கள்போல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டணம் கிடையாது, அன்பளிப்புதான். ஆனால் அன்புக்கு ஓர் அளவு உண்டு. அதற்குக் குறைந்த அன்பை வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனர் தொடமாட்டார்.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ஒருத்தி தன் மகளையும் அங்கே சேர்த்திருந்தாள். மாதிரித் தேர்வுகளில் தடுமாறி நகம் கடித்துக்கொண்டிருந்த பெண், முதல் நாள் கூடத்தில் தாய் பார்த்திருக்கப் பத்தியை உரக்கப் படித்துவிட்டுக் குண்டைப் பிடித்தாள். மூன்று பத்தி, மூன்றும் சரி. அன்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பியவள் அதன்பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. தாய்க்கு உள்ளூர உறுத்தியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஊசல் தோற்றால் ஊசலைத் திட்டிக்கொள்ளலாம். பிள்ளை தோற்றால் யாரைத் திட்டுவது? அந்த நிம்மதிக்குத்தான் அன்பளிப்பு கொடுத்தோமோ என்று ஒருமுறை நினைத்தாள். உடனே அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள்.

வியாழக்கிழமை கணவனின் அக்கா வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சாப்பாட்டு மேசையில் தம்பி மகள் கண்ணை மூடி ஆடுவதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"என்னடி, தலை சுத்துதா?"

"இல்லத்தை. விடை தேடறேன்."

"பத்தியைப் படிச்சியா?"

"உள் ஊசலுக்குப் படிக்கக் கூடாதாம். படிச்சா மூளை குறுக்க வருமாம்."

"வரட்டுமே. பாவம், அது சும்மாதானே கிடக்கு."

தாய் குறுக்கிட்டாள். "அண்ணி, குண்டு இவ கையிலயே ஆடுச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

"ஆடலைன்னு நான் சொல்லலையே. ஆட்டறது யாருன்னுதான் கேக்கறேன். எங்க கூடத்துல சந்தேகம் வந்தா, புட்டி மேல இருக்கற பேரை மறைச்சுட்டு மறுபடி சோதிப்போம். பேரைப் பார்த்துட்டா மனசு முந்திக்கும்."

மறுநாள் மாலை மூவரும் மாடியேறினார்கள். அத்தை தேனீக்களைப் பற்றிய ஒரு பத்தியை நீட்டினாள். மகள் உரக்கப் படித்தாள். 'இதன் மையக் கருத்து எது?' என்ற கேள்விக்கான நான்கு விடைகளும் நான்கு அட்டைகளில், ஒரே அளவில், மேசைமேல் வரிசையாக இருந்தன. மகள் குண்டைப் பிடித்தாள். அது இரண்டாவது அட்டையின் மேல் ஆடியது. சரியான விடை. கூடம் கைதட்டியது. ஊசல் சார் கண்ணை மூடித் தலையசைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்," என்ற அத்தை அட்டைகளைக் கவிழ்த்து, நன்றாகக் கலைத்து வைத்தாள். "கல்லையே துளைக்கும்னீங்க. இது வெறும் அட்டைதானே சார்."

மகள் கையில் குண்டு வழி தவறிய ஈபோல் சுற்றிச் சுற்றி வந்தது. ஊசல் சார் அதை வாங்கிக்கொண்டார். கடைசி அட்டையின் மேல் கம்பீரமாக ஆடியது. திருப்பினால் தவறு. மறுபடி கலைத்தார்கள். மறுபடியும் தவறு.

"சந்தேகக்காரங்க பக்கத்துல நின்னா துடிப்பு அடங்கிடும்மா," என்றார் அவர்.

"அட்டை திறந்திருந்தப்பவும் நான் இங்கதான் சார் நின்னேன்."

கூடத்தில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் எழுந்து, "ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ரெண்டு அன்பு குடுத்திருக்கேன். ரெண்டையும் இப்பவே எடுத்து வைங்க," என்றான். வாசலில் மைத்துனரின் நாற்காலி காலியாக இருந்தது.

மகள் முகம் வாடிப்போயிற்று. "அப்ப முதல்ல ஆட்டினது யாரு, அத்தை?"

"உன் கைதான். படிச்சதுல விடை மனசுல விழுந்துடுச்சு. மனசு போன பக்கம் கை உனக்கே தெரியாம அசைஞ்சுது."

"ஞாயித்துக்கிழமை என்கூட யாரு இருப்பா?"

அத்தை தாயைப் பார்த்தாள். தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளாக மகளுக்குத் துணை தேடினோமா, இல்லை நம் பயத்துக்கா? "முதல் நாள் மூணு பத்திக்கும் விடை சொன்னாளே ஒருத்தி, அவ இருப்பா," என்றாள் மெதுவாக. "வா, வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம்."

ஊசல் சார் இப்போது வேறொரு தெருவில், குடைக் கடை மாடியில் இருக்கிறார். அங்கே கணக்குப் பகுதிக்கு எண்கள் துடிக்கின்றனவாம், கூட்டத்துக்குக் குறைவில்லை. குண்டுக்கு மூளை கிடையாது, ஆட்டியவர் கைக்கு ஆடும், அதை மன்னித்துவிடலாம். மூளையை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள்தான், படியில் கால் வைக்குமுன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.