குல்லா அண்ணாச்சிக்கு வந்த அழைப்பு

தனக்கு மனநோய் வந்ததைப் பதவி உயர்வு வந்ததுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட ஒரே மத்திய சர்க்கார் குமாஸ்தா சரோஜினி நகர் குல்லா அண்ணாச்சிதான். இந்திய அரசாங்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் அவர் என் கண்ணில் படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். எங்களைப் போலவே திருநெல்வேலிக்காரர். டெல்லி மே மாதத்திலும் தலையில் கம்பளிக் குரங்குக் குல்லா இருக்கும். ஏன் என்று கேட்டால், "ஆஸ்பத்திரில தலைக்கு கரண்டு வச்சாவல்லா? மிச்ச கரண்டு வெளிய போயிரக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கேன்" என்பார். கேட்டவர் சிரிப்பதா ஓடுவதா என்று முழிக்கும்போதே மீதியையும் சொல்லிவிடுவார். பிரசவத்தில் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து போனார்கள். அதற்கப்புறம் அவர் சாப்பிடவில்லை, ஆபீஸ் போகவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பால் பூத் வரிசையில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் முன்னால் நிற்பவர்கள் தாமாகவே வழி விடுவார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் நேர்மாறு. வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் சேகர் முதலில் படிப்பதை நிறுத்தினான், பிறகு பேசுவதை, பிறகு குளிப்பதை. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவன் திரை போட்ட அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அம்மா ஏற்கெனவே காலமாகிவிட்டாள். அப்பா அக்கம்பக்கத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், வேறென்ன சொல்வார் பாவம். அந்த மஞ்சள் காமாலை ஒரு வருஷம் நீடித்தது. அதை நம்பிய ஒரே ஆள் குல்லா அண்ணாச்சி. காமாலைக்கு நல்லது என்று ஞாயிறுதோறும் ஒரு சொம்பு கரும்புச் சாறோடு வந்து நிற்பார். அண்ணனும் குடித்துத் தொலைப்பான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பதிவேட்டின்படி நீங்கள் மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்றவர், ஓர் ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை, விருப்பமிருந்தால் வாருங்கள், கட்டாயமில்லை என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் பெயருக்கு வந்ததை அப்பா ஒருமுறை படித்துவிட்டு கேஸ் அடுப்பில் காட்டினார். அண்ணன் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

குல்லா அண்ணாச்சிக்கு வந்ததோ, அன்று சாயங்காலமே பால் பூத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. "கேட்டேளா, இத்தன பேர் இருக்கையில என்னத் தேடிப் பிடிச்சு அழைச்சிருக்காவ!" என்றார். வரிசை கலைந்துவிட்டது.

மறுநாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு. வெறும் வெற்றிலை கேட்டதற்கு மார்க்கெட் பான்வாலா மீட்டா பான், இனிப்பு பீடா, மடித்து நீட்டிவிட்டானாம். "ஏக் தம் சாதா பத்தா, பையா" என்று அரை மணி நேரம் போராடி வாங்கி வந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அறிவே கிடையாது. தபால்ல அழைச்சா எவன் போவான்? வெத்தல பாக்கு வச்சு நேர்ல அழைக்கண்டாமா? அதான் நான் முறையா வந்திருக்கேன்" என்றார்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதுக்குவே எங்களை அழைக்கீரு? உமக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

"வெக்கப்பட்டும் பாத்துட்டேன். தூக்கம்தான் வரல" என்றார் அண்ணாச்சி. பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, அங்க தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு. தனியாப் போனா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருவேன். நீங்க எனக்குத் துணைக்கு வாரீயளா?"

அவர் சொன்ன பயம் நிஜம்தான். தட்டைத் திரைப் பக்கம் நீட்டினார். திரை விலகியது. ஒரு வருஷம் வெயில் படாத கை வெளியே வந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா. அண்ணாச்சியிடம் முதல் கேள்வியே சர்க்கரை உண்டா என்பதுதான். இவரும் பெருமையாக உண்டு என்றார். அப்படியானால் இந்த ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்றார் டாக்டர். சர்க்கரை விவரம் அவர் மருந்து வாங்கும் டிஸ்பென்சரி ஃபைலில் இருந்தது, மனசு விவரம் ஆஸ்பத்திரி ஃபைலில். இரண்டும் சந்தித்ததே இல்லை.

"ஆப் ஹீ நே புலாயா!", நீங்கள்தானே அழைத்தீர்கள் என்று கொதித்தார் அண்ணாச்சி. "பந்தில உக்கார வச்சுட்டு எழுப்பி விடுதாவளே!" என்று எங்களிடம் தமிழில் முறையிட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு அண்ணனைக் காட்டி இவர் யார் என்றார்.

"துணைக்கு வந்தவரு" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எனக்கும் இந்தக் கடிதம் வந்தது. வீட்டில் எரித்துவிட்டார்கள்" என்றான் அண்ணன், இந்தியில், மெதுவாக. வெளியாள் ஒருவரிடம் அவன் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி, அவசரமில்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அண்ணாச்சி கேட்டார்: "அப்ப அந்தக் கரும்புச் சாறெல்லாம் வீணா தம்பி?" அண்ணன் சிரித்தான்.

யோசித்துவிட்டு அவனே சேர்ந்தான். வாரா வாரம் போனான், அண்ணாச்சி துணையோடுதான். தனியாகப் படியிறங்க அவனால் முடியவில்லை. முழுசாகக் குணமாகிவிட்டான் என்று கதை விட மாட்டேன். கெட்ட நாட்கள் வந்தன, திரும்பவும் திரை விழுந்த வாரங்கள் இருந்தன. அப்பா பயந்ததும் பொய்யில்லை, விஷயம் தெரிந்து எனக்கு வந்த ஒரு வரன் விலகிப்போனது. ஆஸ்பத்திரியோ புதுசாக எந்த ஆராய்ச்சி ஆரம்பித்தாலும் பதிவேட்டைப் புரட்டி அண்ணாச்சிக்கு அழைப்பு அனுப்பும். இவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். சர்க்கரை என்று திருப்பி அனுப்புவார்கள். கரும்புச் சாறும் நிற்கவில்லை. "பழகிருச்சுல்லா" என்பார்.

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை கரும்புச் சாறு வரவில்லை. அண்ணன்தான் எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினான். பிறகு பலமாகத் தட்டினான். கதவை உடைத்துப் பார்த்தால், தூக்கத்திலேயே மாரடைப்பு. ஊரிலிருந்து வர யாருமில்லை. யமுனைக் கரையில் அண்ணன்தான் கொள்ளி வைத்தான். அங்கிருந்த ஆள் குல்லாவைக் கழற்றப் போனபோது அப்பா தடுத்துவிட்டார். "இருக்கட்டும் பையா, குளிருது" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் போனது ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்குத் தெரியாதே. அந்த மாதக் கடைசியில் அண்ணாச்சி பெயருக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் தபால்காரர் எங்களிடம் கொடுத்தார். அண்ணன் அதைப் பிரித்துப் படித்தான். பிறகு எழுந்து சட்டை மாட்டினான்.

"எங்கலே?" என்றார் அப்பா.

"அண்ணாச்சி இனிமே வர மாட்டாவன்னு சொல்லிட்டு வாரேன்."

"ஒரு லெட்டர் போட்டாப் போதாதா?"

"தபால்ல சொல்லக் கூடாதுப்பா. நேர்ல போய்ச் சொல்லணும்."

தனியாகப் படியிறங்கினான். தனியாக பஸ் ஏறினான். அப்பாவும் நானும் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இப்போதும் யாராவது கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் நான் போவதில்லை. அண்ணாச்சிக்குப் பிடிக்காது.