'அமைதி'க்கு ஓர் அனுமதி

பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லித் தருகிறார்கள். அதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே உலகக் காரியங்கள் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கின்றன. ஒரே ஒரு பெண் மட்டும் எடுத்துக்கொண்டாள். அதனால் ஒரு கல்வி அலுவலகமே தலைகீழாக நின்றது.

அவள் பதினொன்றாம் வகுப்பு. கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன் ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால் பள்ளியில் 'ஒயர்' என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. பதிவேட்டை வாசிக்கிற ஆசிரியை அந்த இடம் வந்ததும் ஒரு கணம் தடுமாறி, "ஒயர் வந்திருக்கா?" என்று கேட்பார்.

காலையில் பள்ளி, மாலையில் கணக்கு டியூஷன். இரண்டுக்கும் நடுவில் லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்வாள். மிக்ஸி சுற்றும் சத்தம், லிஃப்ட் கதவு மூடும் சத்தம், எதுவானாலும் பதிவு செய்து, நறுக்கி, தாளத்தில் கோத்துவிடுவாள். ஆனால் கேட்காமல் எடுக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "அங்கிள், நீங்க பைக்கை உதைக்கிற சத்தத்தை எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அன்றைக்கும் பைக் கிளம்பவில்லை. "பைக்கையும் சேர்த்து எடுத்துட்டுப் போ" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிஜிட்டல் பதிப்புரிமை பற்றி இணையத்தில் கட்டுரை எழுதுவாள். அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒரு விரல் அவளுடைய அம்மா.

இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை தர மாட்டார். அதனால் ஊரே அவரைப் பற்றி மரியாதையாகப் பேசும். மாத்திரையை எதிர்க்கடையில் வாங்கிக்கொள்ளும். மகள் இசை செய்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே நிபந்தனைதான்: கணக்கில் எழுபதுக்குக் கீழே இறங்கினால் லேப்டாப் பரணுக்கு ஏறிவிடும்.

இந்நிலையில் வானொலி நிலையம் ஒன்று மாணவர்களுக்கான இசைப் போட்டியை அறிவித்தது. ஒயரிடம் ஒரு பாட்டு தயாராக இருந்தது.

பாட்டின் நாயகர் தலைமையாசிரியர். காலை வணக்கக் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்ததும், "அமைதி" என்று கீழ்க்குரலில் தொடங்குவார். கூட்டம் இரையும். "அமைதி, அமைதி!" என்று ஏறுவார். கடைசியில் "அமைதி அமைதி அமைதி அமைதி!" என்று மூச்சுவிடாமல் உச்சிக்குப் போவார். அங்கே மைக் கீச்சென்று கத்தும். இதைவிட இயல்பான தாளம் ஒன்றை எந்த இசைக்கலைஞரும் போட முடியாது. அடியில் ஒயர் ஒரு முரசு வைத்தாள். கேட்ட தோழிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இன்னைக்கே அனுப்பிடு" என்றாள் தோழி.

"முடியாது. அடுத்தவங்க குரலை எடுத்தா அவங்க எழுத்துல அனுமதி தரணும். விதியில இருக்கு."

"அந்த விதியை வேற யாருடி படிச்சா? 'அனுமதி உண்டு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. டிக் போட்டுட்டு அனுப்பு."

"அது பொய்."

"பொய் இல்லடி. டிக்."

ஒயர் கேட்கவில்லை. வேலியில் போன ஓணானைத் தேடிப் போய் அழைப்பதுபோலத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், பாட்டைப் போட்டுக்காட்டி, அனுமதி கேட்டாள்.

தலைமையாசிரியர் முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டார். இரண்டாவது 'அமைதி'யிலேயே அவருடைய ஆள்காட்டி விரல் மேசையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்ட அவர், விரலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அனுமதி குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கா?"

"உங்க குரல்தானே சார்?"

"அதான் கேள்வியே. வீட்டுல பேசறது என் குரல்." சற்று யோசித்தார். "அதுகூட முழுசா இல்ல. ஆனா மேடையில பேசறது சம்பள நேரம். மைக் துறையோடது. வர்ற குரல் யாரோடது?"

இதுவரை யாரும் அவரிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. ஆண்டுவிழாவில் முப்பது சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆகவே பிரச்சினையும் இல்லை. இப்போது ஒருத்தி கேட்டுவிட்டாள். கேட்கப்பட்ட கேள்வி கோப்பாக மாறாமல் இருக்க முடியாது. 'தக்க மேல்நடவடிக்கைக்காகப் பணிவுடன் அனுப்பி வைக்கப்படுகிறது' என்று எழுதி, கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

பதிலுக்குக் கல்வி அலுவலரே நேரில் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு எழுத்தர், எழுத்தருக்குப் பின்னால் ஒரு குடை. தலைமையாசிரியர் தம் நாற்காலியை அலுவலருக்குக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒயர் சுவரோரம் நின்றாள்.

"மேற்படி சொல்லை எவ்வளவு காலமாகப் பயன்படுத்தி வருகிறீர்கள்?"

"பொறுப்பேற்ற நாள்லேருந்து சார்."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் என்ன சொல்லுவார்?"

"அவரும் 'அமைதி'ன்னுதான் சார் சொல்லுவார். எல்லா ஹெட்மாஸ்டரும் சொல்றதுதானே!"

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆக, சொந்தச் சரக்கு இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"சார்?"

"முந்தையவரோட சொல்லை அவர் அனுமதி இல்லாம இத்தனை வருஷமா எடுத்தாண்டிருக்கீங்க. இந்தப் பொண்ணாவது கேட்டா. நீங்க கேட்டீங்களா?"

தலைமையாசிரியர் ஒயரைப் பார்த்தார். ஒயர் தரையைப் பார்த்தாள்.

விசாரணை முடியும்வரை தலைமையாசிரியர் மேற்படி சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. மறுநாள் வணக்கக் கூட்டத்தில் அவர் மைக் முன்னால் வந்து, வாயைத் திறந்து, அப்படியே மூடினார். "சத்தம் போடாதீங்க" என்று சொல்லலாமா என்று எழுத்தரிடம் போனில் கேட்டார். அதே பொருள் தரும் பிற சொற்களும் அடங்கும் என்று அடிக்குறிப்பு இருப்பதாக எழுத்தர் வருத்தத்துடன் தெரிவித்தார். வேறு வழியில்லாமல் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காக மாணவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பள்ளியின் வரலாற்றில் முதல்முறையாக மைதானத்தில் காக்கை கத்துவது கேட்டது.

செய்தி ஆசிரியர்கள் அறைக்குள் பரவியபோது விபரீதம் முற்றியது. தங்களிடமும் சொத்து இருப்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. "புரிஞ்சுதா?" என்பது தன்னுடையது என்றார் இயற்பியல் ஆசிரியர். வேதியியல் ஆசிரியர் அதை எழுதி வைக்காத குறையாகப் பதினைந்து வருடமாக ஆண்டு அனுபவித்து வந்தவர். இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதுவதற்கு முன்னால், "இது என் சொந்த ஊதல்" என்று அறிவித்துவிட்டே ஊதினார். கொஞ்ச நாளில் அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. மரியாதைக்குரிய ஆசிரியர் என்றால் சொந்தமாக ஒரு வசனம் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் கண்ணாடி முன்னால் நின்று தயாரித்துக்கொண்டு வந்தார்கள். பாடம் நடத்தத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஒயரை விசாரணைக்கு அடிக்கடி கூப்பிட்டார்கள். திரும்பி வகுப்புக்குப் போனால் ஆப்சென்ட்.

"எங்கே போயிருந்த?" என்றார் கணக்கு ஆசிரியை.

"ஹெச்.எம். ரூம்ல இருந்தேன் மிஸ்."

"அப்ப அட்டெண்டன்ஸையும் அங்கேயே வாங்கிக்கோ."

அங்கே போய்க் கேட்டாள். அங்கே பதிவேடு இல்லை என்றார்கள். அவள் இல்லாத நேரத்தில் நடந்த பாடத்திலிருந்தே மாதத்தேர்வில் கேள்விகள் வந்தன. கணக்கில் ஐம்பத்தெட்டு.

அப்பா முக்காலியைப் போட்டு ஏறினார். லேப்டாப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, பரணைப் பார்த்தபடியே சொன்னார். "நீ கேட்டது சரிதான். மார்க்குதான் சரியில்ல."

"கேட்டதாலதாம்ப்பா மார்க்கு போச்சு."

அப்பா கொஞ்ச நேரம் முக்காலி மேலேயே நின்றார். எதிர்க்கடை ஏன் அவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அவரும் பலமுறை யோசித்திருக்கிறார். "ஒரு பழைய தலையணை எடுத்துட்டு வா" என்றார். லேப்டாப்பைத் தலையணைமேல் படுக்கவைத்து, துண்டால் போர்த்திவிட்டு இறங்கினார். அம்மா மிக்ஸி போட்டபோது ஒயர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கான கடைசி நாள் வந்து, போயிற்று. ஒரு பிரபலமான பாட்டைத் தலைகீழாக ஓடவிட்டு, கட்டத்தில் டிக் போட்டு அனுப்பியவனுக்குப் பரிசு கிடைத்தது. நடுவர்கள் அதன் புதுமையைப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அனுமதி வழங்கியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பாட்டிலிருந்து 'அமைதி' என்ற சொல்லை நீக்கிவிட வேண்டும்.

உத்தரவைக் கொடுத்துவிட்டுத் தலைமையாசிரியர் வராந்தாவரை கூடவே வந்தார். இருபுறமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாட்டு... என் போனுக்கு அனுப்ப முடியுமாம்மா?"

"அனுமதி இல்லாமலா சார்?"

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனார்.

பரணில் லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்ததால், ஒயர் அம்மாவின் போனில் நடந்ததையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினாள். 'கேட்டுப் பார்த்தேன்' என்று தலைப்பு வைத்தாள். 'கேட்காமல் எடுத்தவருக்குப் பரிசு, கேட்டவளுக்கு விசாரணை. இனி யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அதற்கான பழி, எடுத்தவர்கள் மேல் இல்லை; கேட்கப்பட்டவர்கள் மேல்' என்று முடித்தாள்.

இந்த முறை விரல்கள் போதவில்லை. ஊரே அதைப் படித்தது. படித்தவர்கள் அனைவரும் பிறருக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது மேலே இருந்த பெயர் இடத்தை அடைக்கிறது என்று வெட்டிவிட்டார்கள். மருந்துக்கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடமே போனை நீட்டினார். "படிங்க சார். யாரோ பெரிய வக்கீல் எழுதினதாம்."

"இது என் பொண்ணு எழுதினது" என்றார் அப்பா.

"உங்களுக்குத் தமாஷ் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டு, அவர் எதிர்க்கடைக்குப் போனார்.

பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது. கேள்வித்தாள் எல்லாப் பள்ளிக்கும் பொதுவாகக் கல்வி அலுவலகத்திலிருந்தே வரும். தமிழ்த் தேர்வில் ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்து வினா கேட்டிருந்தார்கள். ஒயர் முதல் வரியைப் படித்தாள். கை நின்றுவிட்டது. அவளுடைய கட்டுரை! கல்வி அலுவலர் வருகிற பத்தியையும் கடைசி வரிகளையும் மட்டும் நீக்கிவிட்டு, கீழே அடைப்புக்குறிக்குள் 'எழுதியவர் அறியப்படவில்லை' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே வினா: 'இப்பகுதியில் ஆசிரியர் உணர்த்தும் மையக்கருத்து யாது?'

பெயர் போனது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது. தான் தப்பாக எழுதவே முடியாத ஒரு கேள்வியை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறாள். இரண்டு பக்கம் எழுதினாள்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். வகுப்பில் மற்ற அனைவருக்கும் முழு மதிப்பெண். அவர்கள் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். முன்பெஞ்சில் கிளம்பிப் பின்பெஞ்சுவரை காற்றுப்போலப் பரவிய வாக்கியம் அது: 'எதையும் அணுமதி பெற்றுச் செய்தால் வாழ்வில் உயரலாம்.' அத்தனை தாள்களிலும் மூன்றுசுழி ணகரம்.

ஒயர் தமிழாசிரியையிடம் போனாள்.

"ஆசிரியர் சொல்ல வந்ததையே நீ பிடிக்கலைம்மா" என்றார் அவர், பரிவோடு. "பத்தியில இல்லாததையெல்லாம் எழுதியிருக்க."

"மிஸ், அந்த ஆசிரியரே நான்தான்."

"இருக்கலாம். ஆனா விடைக்குறிப்பு மேலேருந்து வந்திருக்கே. உயரலாம்னுதான் போட்டிருக்கு."

"நான் எழுதினதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன் மிஸ்."

"எழுதியவர் அறியப்படவில்லைன்னு அலுவலகமே சொல்லியாச்சு. அறியப்படாதவங்க எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?"

தமிழாசிரியை கெட்டவர் அல்ல. அவளுடைய முகத்தைப் பார்த்து மனமிரங்கி, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுபடி எழுதித் தரச் சொன்னார். தமிழிலும் மார்க் குறைந்தால் லேப்டாப் வருடக் கடைசிவரை பரணிலேயே கிடக்கும் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஒயர் நேரே தோழியிடம் போனாள். "உன் வாக்கியத்தைப் பார்த்து எழுதிக்கலாமா?"

"என்னை ஏண்டி கேக்கற?" என்றாள் தோழி. "நானே முன்பெஞ்சுல சுட்டதுதான்."

ஒயர் ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே எழுதிக் கொடுத்தாள். முழு மதிப்பெண் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் தமிழாசிரியை எழுதியிருந்தார்:

'மகிழ்ச்சி. இப்போதுதான் ஆசிரியரின் உள்ளத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாய்.'